ஆங்கில ‘வெரி’, யாழ்ப்பாணத்துச் ‘சரியான’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே வாயில் வந்துவிடும் சொல் ‘வெரி’. வெரி குட், வெரி நைஸ், தேங்க் யூ வெரி மச். பத்து வருடம் படித்தவர்களும் பிழை விடுகிற சொல்லும் அதுதான். ஓ.எல். என்னும் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளும், ஐ.ஈ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்களும், வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் போய்வரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறோம். வாய்விட்டு வாசித்தால் பிடிபடும்.

‘வெரி’ என்றால் என்ன?

தனக்குப் பின்னால் வரும் சொல்லின் அளவைக் கூட்டிக் காட்டும் சொல். ‘ஹொட்’ என்றால் சூடு, ‘வெரி ஹொட்’ என்றால் சரியான சூடு. ‘ஸ்லோலி’ என்றால் மெதுவாக, ‘வெரி ஸ்லோலி’ என்றால் நல்ல மெதுவாக.

பாடப்புத்தகத்தில் இதற்கு ‘மிகவும்’ என்று போட்டிருக்கும். பிழையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘இண்டைக்கு மிகவும் வெயில்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘சரியான வெயில்’ என்கிறோம், ‘வலு கெட்டிக்காரன்’ என்கிறோம், ‘நல்ல வடிவு’, ‘படு மோசம்’, ‘மெத்தப் பெரிய உபகாரம்’ என்கிறோம். இவற்றுள் ‘சரியான’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் ‘வெரி’யின் இயல்பு பாதி விளங்கிவிடும். மீதிப் பாதியில்தான் இரண்டும் பிரிகின்றன. நம்மவர் விடும் பிழைகளில் பெரும்பாலானவை அந்தப் பிரிவில் நடப்பவை.

ஏன் ‘சரியான’? அதற்கும் ‘வெரி’க்கும் என்ன உறவு?

சொல்லுறவு இல்லை. ஆனால் இரண்டும் வந்த வழி ஒன்று. ‘வெரி’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. அங்கே அதன் பொருள் ‘மெய்யான’, ‘உண்மையான’. அதன் வேர் லத்தீனில் உண்மையைக் குறிக்கும் ‘வேரஸ்’. அலுவலகங்களில் பத்திரங்களை ‘வெரிஃபை’ பண்ணுகிறார்களே, அதுவும் இதே வேர்தான்: உண்மையா என்று பார்ப்பது. நீதிமன்றத் தீர்ப்பான ‘வேர்டிக்ட்’டும் அப்படியே: உண்மையாகச் சொல்லப்பட்டது. ‘மெய்யான வீரன்’ என்பதில் இருந்த ‘மெய்யான’, காலம் போகப் போக உண்மை என்ற பொருளை விட்டு, வெறும் அளவைக் கூட்டும் சொல்லாக மாறியது.

‘சரியான’ என்பதும் அப்படித்தான். ‘சரியான விடை’ என்னும்போது பிழையில்லாத விடை. ‘சரியான பசி’ என்னும்போது அதில் சரியும் இல்லை, பிழையும் இல்லை, பசியின் அளவுதான் இருக்கிறது. ஆங்கிலத்து ‘ரியலி’யும் மெய் என்ற பொருளிலிருந்தே இந்த வேலைக்கு வந்தது. ஒன்றை அழுத்திச் சொல்ல நினைக்கும்போது ‘இது மெய்’ என்று சொல்லத் தோன்றுவது மொழிக்கு மொழி நடக்கிற விஷயம்.

அப்படியானால் ‘சரியான’ வரும் இடமெல்லாம் ‘வெரி’ போடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு விடையை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

‘சரியான’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நேரே நிற்கும்: சரியான சனம், சரியான மழை, சரியான காய்ச்சல். ‘வெரி’ அப்படி நிற்காது. அதற்குப் பின்னால் தன்மையைச் சொல்லும் ஒரு சொல்லோ, ‘எப்படி’ என்பதற்கு விடையாக வரும் ஒரு சொல்லோ இருக்க வேண்டும். ஆகவே ‘நல்லூரில சரியான சனம்’ என்பதை ‘வெரி கிரவுட்’ என்றால் பிழை. ‘கிரவுட்’ பெயர்ச்சொல். ‘வெரி கிரவுடட்’ என்று அதைத் தன்மைச் சொல்லாக்க வேண்டும். அல்லது நடுவில் ஒரு ‘பிக்’கை வைத்து ‘அ வெரி பிக் கிரவுட்’ என்க வேண்டும்.

‘சரியான வெயில்’ என்றால் ‘வெரி சன்’ இல்லை, ‘வெரி சனி’ அல்லது ‘வெரி ஹொட்’. ‘சரியான காத்து’ என்றால் ‘வெரி விண்டி’. பெயர்ச்சொல்லாகவே வைக்க விரும்பினால் ஆங்கிலம் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு துணைச்சொல்லைக் கேட்கும். மழைக்கு ‘ஹெவி ரெய்ன்’, காற்றுக்கு ‘ஸ்ட்ரோங் விண்ட்’, காய்ச்சலுக்கு ‘ஹை ஃபீவர்’, தலையிடிக்கு ‘பேட் ஹெடேக்’, வாகன நெரிசலுக்கு ‘ஹெவி ட்ராஃபிக்’. மழையும் நெரிசலும் ஆங்கிலத்தில் பாரமானவை, காய்ச்சல் உயரமானது, காற்று பலமானது. தமிழில் ஒரே ‘சரியான’ எல்லாவற்றையும் சுமக்கிறது. இவற்றைச் சோடி சோடியாகவே மனத்தில் பதிக்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

வைத்தியரிடம் பேசும்போது இது முக்கியம். ‘வெரி பெயின்’ என்று சொன்னாலும் அவருக்கு விளங்கும். ஆனால் ‘ஐ ஹேவ் சிவியர் பெயின் ஹியர்’ என்று இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னால், ‘சிவியர்’ என்ற ஒரு சொல் நோவின் அளவைத் துல்லியமாகச் சொல்லிவிடும். அந்தச் சொல் வாயில் வராவிட்டால் ‘இட் ஹேர்ட்ஸ் அ லொட்’ என்பது எளிது, முழுக்கச் சரி. வெளிநாடு போகும் அம்மா அப்பாவுக்கு இந்த இரண்டு வசனங்களையும் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

‘ஐ வெரி லைக்’ ஏன் பிழை?

‘வெரி’ வினைச்சொல்லோடு நேரே சேராது. ‘எனக்குச் சரியாப் பசிக்குது’ என்று நாம் வினையோடு சேர்த்துச் சொல்வதால் ஆங்கிலத்திலும் அப்படிச் சேர்க்கத் தோன்றுகிறது. வினைக்கு ‘வெரி மச்’ வேண்டும், அது வசனத்தின் கடைசிக்குப் போக வேண்டும்.

‘எனக்குக் கறுத்தக்கொழும்பான் எண்டால் சரியான விருப்பம்’ என்று மாம்பழத்தைப் பற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்வோம். ‘ஐ வெரி லைக் கறுத்தக்கொழும்பான்’ பிழை. ‘ஐ லைக் வெரி மச் கறுத்தக்கொழும்பான்’ என்பதும் பிழை. வினைக்கும் அது தழுவும் பொருளுக்கும் இடையில் எதையும் நுழைக்க ஆங்கிலம் விடாது. ‘ஐ லைக் கறுத்தக்கொழும்பான் வெரி மச்’ என்பதே சரி. பேச்சில் இதைவிடவும் இயல்பானது ‘ஐ ரியலி லைக் கறுத்தக்கொழும்பான்’. ‘ரியலி’ வினைக்கு முன்னால் தாராளமாக நிற்கும். ‘வெரி’ தடுமாறும் இடத்தில் பெரும்பாலும் ‘ரியலி’ கைகொடுக்கும்.

‘ஐ வெரி மச் ஹோப்’ என்று கடிதங்களில் பார்த்திருப்பீர்கள். அதுவும் சரியே. நம்புவது, விரும்புவது, வருந்துவது போன்ற மனநிலை வினைகளுக்கு முன்னால் ‘வெரி மச்’ முழுதாக வரலாம். ‘மச்’ இல்லாமல் மட்டும் வராது.

‘வெரி’க்கும் ‘டூ’வுக்கும் என்ன வித்தியாசம்?

சமையலறையில் சோதித்துப் பாருங்கள். தேத்தண்ணி சரியான சூடு, ஊதி ஊதிக் குடிக்கலாம்: ‘த டீ இஸ் வெரி ஹொட்’. தேத்தண்ணிக்குச் சூடு கூடிப்போச்சு, வாய் வைக்க ஏலாது: ‘த டீ இஸ் டூ ஹொட்’. கறி சரியான உறைப்பு, ஆனால் நல்ல ருசி: ‘வெரி ஸ்பைசி’. உறைப்புக் கூடிப்போச்சு, பிள்ளை சாப்பிடமாட்டுது: ‘டூ ஸ்பைசி’.

ஆகவே மனத்தில் வரும் தமிழ் ‘சரியான’ என்றால் ‘வெரி’, ‘கூடிப்போச்சு’ என்றால் ‘டூ’. ‘டூ’வில் எப்போதும் ஒரு முறைப்பாடு அல்லது தடை ஒளிந்திருக்கும். இருக்க வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது, அதனால் ஏதோ ஒன்று நடக்காது. அந்த நடக்காத காரியத்தை வெளிப்படையாகச் சொல்ல ‘டு’ சேர்க்கிறோம்: ‘டூ ஹொட் டு ட்ரிங்க்’, குடிக்க முடியாத சூடு. ‘டூ லேட் டு கோ’, இனிப் போக முடியாத அளவுக்கு நேரம் பிந்திவிட்டது. இந்த அமைப்பில் ‘நொட்’ என்ற சொல்லே இல்லாமல் எதிர்மறை உள்ளே இருக்கிறது. மொழிபெயர்ப்பு வினாக்களில் பலர் புள்ளி இழப்பது இங்கேதான்.

பாராட்டும்போது ‘டூ’ வேண்டாம். ‘யுவர் டோட்டர் இஸ் டூ பியூட்டிஃபுல்’ என்றால், மகளின் வடிவால் ஏதோ பிரச்சினை என்பதுபோல் ஒலிக்கும். ‘வெரி பியூட்டிஃபுல்’ போதும். ‘நொட் டூ பேட்’ என்பது மட்டும் ‘பரவாயில்லை’ என்ற பொருளில் நிலைத்துவிட்ட தொடர். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

‘வெரி பெட்டர்’, ‘வெரி பிகர்’ என்று சொல்லலாமா?

கூடாது. ஒன்றோடொன்று ஒப்பிடும் சொல்லுக்கு ‘மச்’ அல்லது ‘ஃபார்’. ‘அதைவிட இது எவ்வளவோ மேல்’ என்று நாம் சொல்வதில் வரும் ‘எவ்வளவோ’தான் இந்த ‘மச்’: ‘திஸ் இஸ் மச் பெட்டர்’. ஆனால் எல்லாவற்றிலும் மேலானதைச் சொல்லும்போது ‘வெரி’ திரும்ப வரும்: ‘த வெரி பெஸ்ட்’.

‘வெரி’ ஏற்காத தன்மைச் சொற்கள் உண்டா?

உண்டு. ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும் சொற்கள். ‘எக்ஸலன்ட்’, ‘பர்ஃபெக்ட்’, ‘இம்பொசிபிள்’, ‘ஹியூஜ்’, ‘எக்ஸோஸ்டட்’, ‘ஃப்ரீசிங்’. ‘ஹியூஜ்’ என்றாலே மிகப் பெரிய, ‘எக்ஸோஸ்டட்’ என்றாலே களைத்து விழுந்த நிலை. அவற்றுக்குள் ஒரு ‘வெரி’ ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று ஏறாது. அழுத்தம் வேண்டுமானால் ‘அப்சலூட்லி எக்ஸோஸ்டட்’, ‘கம்ப்ளீட்லி இம்பொசிபிள்’.

‘அலைவ்’, ‘அஸ்லீப்’, ‘அவேக்’ என்று ‘அ’வில் தொடங்கும் சில சொற்களும் ‘வெரி’யோடு ஒட்டாதவை. உயிரோடு நன்றாக இருக்கிறார் என்பதற்கு ‘வெரி மச் அலைவ்’. நல்ல நித்திரை என்பதற்கு ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’. கொட்டக் கொட்ட விழித்திருப்பதற்கு ‘வைட் அவேக்’. ‘ஃபாஸ்ட்’ என்றவுடன் வேகம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அதற்கு ‘இறுக’ என்ற பழைய பொருள்.

எல்லா ‘வெரி’யையும் வெட்டிவிட்டு வேறு சொல் போட வேண்டும் என்கிறார்களே?

பாதிதான் உண்மை. ‘வெரி டயர்ட்’ என்பதை ‘எக்ஸோஸ்டட்’ என்றும் ‘வெரி ஸ்மோல்’ என்பதை ‘டைனி’ என்றும் மாற்றினால் எழுத்து இறுகும். ஆனால் சோடி சோடியாகப் பாடமாக்கிய பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் பொருள் சறுக்கும். ‘வெரி ஹங்ரி’ என்பது பசி. ‘ஸ்டார்விங்’ பேச்சில் கடும் பசியைக் குறித்தாலும் அதன் நேர்ப்பொருள் பட்டினி. பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளை இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் வசனத்தின் கனமே மாறிவிடும். சொல் பொருந்தினால் மாற்றுங்கள். சந்தேகமானால் ‘வெரி’யை விட்டுவைப்பதே பாதுகாப்பு.

ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுத்துப் பகுதியில் சொல்வளத்துக்கென்று தனியாகக் கால்பங்குப் புள்ளி உண்டு. 250 சொற்களுக்குக் குறையாத இரண்டாம் கட்டுரையில் இரண்டு மூன்று ‘வெரி’ உறுத்தாது, எட்டு வந்தால் உறுத்தும். வரைபடத்தை விவரிக்கும் முதற்பகுதியில் ‘இன்கிரீஸ்ட் வெரி மச்’ என்று எழுதாதீர்கள். இலக்கணப்படி பிழை அல்ல, ஆனால் எவ்வளவு என்று ஒன்றும் சொல்லவில்லை. ‘இன்கிரீஸ்ட் ஷார்ப்லி’ என்றால் கோடு செங்குத்தாக ஏறியது கண்ணில் தெரியும். ‘வெரி ஷார்ப்லி’ என்று அதன்மேல் ‘வெரி’யும் ஏற்றலாம், ‘ஷார்ப்லி’ வினையடையாகையால் தாங்கும்.

விண்ணப்பக் கடிதத்தில் எங்கே பிழை வருகிறது?

பாலர் பாடசாலை வேலைக்கு எழுதியதாக ஒரு பந்தியை வைத்துப் பார்ப்போம்.

‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்ட் டு திஸ் ஜொப். ஐ வெரி லைக் டு வேர்க் வித் சில்ட்ரன். மை இங்கிலிஷ் இஸ் வெரி பெட்டர் தான் பிஃபோர். ஐ ஆம் டூ ஹாப்பி டு கம் ஃபோர் அன் இன்டர்வியூ.’

நான்கு வசனம், நான்கிலும் பிழை. முதலாவதில் ‘இன்ட்ரஸ்ட்’ பெயர்ச்சொல், ‘வெரி’க்குப் பின் ‘இன்ட்ரஸ்டட்’ வேண்டும், அதற்குப் பின் ‘டு’ அல்ல, ‘இன்’. இரண்டாவது, மேலே சொன்ன மாம்பழப் பிழை. மூன்றாவதில் ‘வெரி’யை எடுத்துவிட்டு ‘மச்’. நான்காவதுதான் ஆபத்து. ‘டூ’வும் ‘டு’வும் சேர்ந்தால் எதிர்மறை என்று பார்த்தோம். ‘மகிழ்ச்சி கூடிப்போனதால் நேர்முகத்துக்கு வர முடியாது’ என்று வாசிக்கக்கூடிய வசனம் அது. ‘ஒன்லி டூ ஹாப்பி டு’ என்ற தொடருக்கு மட்டும் மனமார விரும்புவது என்று பொருள் உண்டு. அந்த ‘ஒன்லி’ விடுபட்டதால் வந்த வினை.

திருத்தியபின்: ‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டட் இன் திஸ் ஜொப். ஐ ரியலி என்ஜோய் வேர்க்கிங் வித் சில்ட்ரன். மை இங்கிலிஷ் இஸ் மச் பெட்டர் தான் பிஃபோர். ஐ வுட் பி ஹாப்பி டு கம் ஃபோர் அன் இன்டர்வியூ.’ கடைசி வசனத்தில் அழுத்தச் சொல்லே இல்லை. அதுதான் அந்த இடத்துக்கு மரியாதை.

‘நொட் வெரி குட்’ என்றால் ‘மிகவும் நல்லதல்ல, ஓரளவு நல்லது’ என்பதா?

இல்லை. ‘நல்லாயில்லை’ என்பதைப் பதமாகச் சொல்வது அது. நாமும் ‘அவ்வளவு சரியில்லை’ என்றுதானே சொல்கிறோம்? ‘அவ்வளவு’ என்பது பிழையின் கூர்மையை மழுக்கவே வருகிறது. பிள்ளையின் அறிக்கையில் ‘நொட் வெரி அட்டென்டிவ்’ என்று இருந்தால், வகுப்பில் கவனம் இல்லை என்று வாசியுங்கள்.

‘த வெரி மான்’, ‘திஸ் வெரி டே’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிறதே?

அது ‘வெரி’யின் பழைய முகம். ‘மெய்யான’ என்ற முதற்பொருளின் மிச்சம். அளவு கூட்டாது, ‘அதுவே, வேறல்ல’ என்று சுட்டிக் காட்டும். தமிழில் ஏகாரம் செய்யும் வேலை: ‘திஸ் வெரி டே’ இண்டைக்கே, ‘த வெரி ஹவுஸ்’ அதே வீடு. முன்னால் ‘த’, ‘திஸ்’, ‘தட்’, ‘மை’ போன்ற ஒரு சொல் நிற்பதே அடையாளம்.

‘குவைட்’ என்பதும் ‘வெரி’ என்பதும் ஒன்றா?

நமது பாடசாலை ஆங்கிலம் பிரித்தானிய வழக்கைச் சார்ந்தது. அதில் ‘குவைட் குட்’ என்றால் ஓரளவு நல்லம், ‘வெரி குட்’டுக்குக் கீழே. அமெரிக்கர் வாயில் அதே ‘குவைட் குட்’ நல்ல பாராட்டாக இருக்கலாம். உச்சச் சொல்லோடு சேர்ந்தால் எங்கும் ‘முற்றாக’ என்றே பொருள்: ‘குவைட் இம்பொசிபிள்’. மாணவருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதும் ஆசிரியர்கள் ‘குவைட் குட்’டைத் தவிர்ப்பது நல்லது. லண்டனில் வாசிப்பவருக்கு அது அரைமனதாகத் தெரியும்.

‘ரியலி’யை எங்கே வைப்பது?

இடம் மாறினால் பொருள் மாறும். ‘ஐ ரியலி டோன்ட் நோ’: சத்தியமாய்த் தெரியாது. ‘ஐ டோன்ட் ரியலி நோ’: அவ்வளவாகத் தெரியாது.

‘சோ’?

எழுத்தில் ‘சோ’ வந்தால் பின்னால் ‘தட்’ வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இட் வோஸ் சோ ஹொட் தட் வீ ஸ்டேட் இன்டோர்ஸ்’. பேச்சில் தனியாக நிற்கலாம்.

‘வெரி வெரி’ என்று இரட்டிக்கலாமா?

பேச்சில் தாராளமாக. கட்டுரையிலும் உத்தியோகக் கடிதத்திலும் வேண்டாம்.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது?

இரண்டு. ‘வ’வுக்கு மேற்பல் கீழுதட்டின் உட்புறத்தை மெல்லத் தொட வேண்டும். உதடுகளை மட்டும் குவித்தால் ஆங்கிலக் காதுக்கு வேறு எழுத்தாகக் கேட்கும். ‘ரி’யில் நாக்கு அண்ணத்தைத் தொடாமல் பின்னோக்கி வளைய வேண்டும். அது கைவராவிட்டால் நமது இடையின ரகரம் போதும். றகரமாக அழுத்தினால் மட்டும் ‘வெறி’ ஆகிவிடும்.

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது ‘வெரி’ வரும் இடமெல்லாம் ‘மிகவும்’ எழுத வேண்டுமா?

வேண்டாம். மொழிபெயர்ப்பு நாறுவது பெரும்பாலும் இந்த ‘மிகவும்’களாலேதான். தமிழில் மிகுதியைக் காட்ட வழிகள் ஏராளம். சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு உரிச்சொற்களை நன்னூல் அடுக்குகிறது. அவற்றில் சில இன்றும் கூட்டுச்சொற்களில் உயிரோடிருக்கின்றன: நனிசிறந்த, கழிபேருவகை. செய்தித் தமிழுக்குக் ‘கடும் மழை’, ‘பெருங்கூட்டம்’, ‘பலத்த காற்று’ இருக்கின்றன. அடுக்கியும் சொல்லலாம்: ‘வெரி ஸ்மோல் பீசஸ்’ என்பது சின்னச் சின்னத் துண்டுகள், ‘வெரி ஸ்லோலி’ மெல்ல மெல்ல. சமையல் குறிப்பில் ‘கட் வெரி ஃபைன்லி’ என்று வந்தால் ‘மிகவும் நுண்ணியதாக வெட்டவும்’ என்று எழுதினால் எவருக்கும் கத்தி பிடிக்கத் தோன்றாது. ‘பொடிப்பொடியாக அரியவும்’ என்று எழுதுங்கள்.